லாரி கண்டம் ஆனால் (உடைக்கும் நிலைக்கு வந்தால்) என்ன செய்வது? எஃப்.சி. (தகுதிச் சான்று) முடிவதிலிருந்து உருக்காலை வரை முழு வழிகாட்டி

ஒரு நாள் எங்கள் வீட்டுக்குப் பதிவுத் தபால் வந்தது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து அப்பா பெயருக்குச் சம்மன். வண்டி எண்ணைப் பார்த்ததும் அப்பா திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். ஆறு வருடத்துக்கு முன்னால் நாங்கள் உடைக்கக் கொடுத்த லேலண்ட் லாரி அது. வாங்கிப்போன புரோக்கர் உடைக்காமல் கைமாற்றி விட்டிருக்கிறார். அது எங்கோ ஓர் ஊரில், பாடியைக் கழற்றித் தொட்டி ஏற்றி, தண்ணீர் லாரியாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இன்சூரன்ஸ் இல்லை. ஆர்.சி. புக்கில் மட்டும் இன்னும் அப்பா பெயர்.

"வண்டியக் குடுத்தப்பவே பேர எடுத்தீங்களாங்க?" என்று வக்கீல் கேட்டார். கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்களை புரோக்கரிடம் கொடுத்ததைத் தவிர நாங்கள் வேறெதுவும் செய்யவில்லை. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018இல் நவீன்குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் இதுதான் நிலை.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரி வாங்குவதைப் பற்றிச் சொல்லித்தர வீட்டுக்கு ஒருவர் இருப்பார். பாடி எங்கே கட்டுவது, எந்த டயர் போடுவது, எந்த லைனுக்கு அனுப்புவது என்று எல்லாம் தெரியும். வண்டியை முடித்துவைப்பது எப்படி என்று கேட்டால் மட்டும் "புரோக்கர் பார்த்துப்பாரு" என்று சொல்லிவிடுவார்கள். ஒரு லாரியைக் களத்திலும் உடைக்க வேண்டும், காகிதத்திலும் உடைக்க வேண்டும். முதல் வேலைக்கு ஆள் நிறைய இருக்கிறார்கள். இரண்டாவது வேலை உரிமையாளரின் தலையில்தான். அந்த இரண்டையும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: வண்டி உண்மையிலேயே முடிந்துவிட்டதா என்று பாருங்கள்

பதினைந்து வருடம் ஆனால் லாரியை உடைத்தே தீர வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். தமிழ்நாட்டில் தனியார் லாரிக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. எஃப்.சி. கிடைக்கும்வரை வண்டி ஓடலாம். அரசு வண்டிகளுக்குத்தான் 2023 ஏப்ரல் 1 முதல் பதினைந்து வருடம் தாண்டினால் பதிவைப் புதுப்பிப்பதில்லை. டெல்லி வட்டாரம் தனிக் கதை. பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு அங்கே பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் தடை போட்டது, உச்ச நீதிமன்றம் 2018இல் அதை உறுதிசெய்தது. அதன்பிறகும் வழக்கு நின்றபாடில்லை. வடக்கே லைன் ஓட்டுகிறவர்கள் வண்டி ஏற்றும் முன் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் ஊரில் வண்டியின் வயது முதலில் இடிப்பது நேஷனல் பெர்மிட்டில். இரண்டு ஆக்சில் லாரிக்கு 12 வருடம், மல்டி ஆக்சிலுக்கு 15 வருடம். அதைத் தாண்டினால் நேஷனல் பெர்மிட் கிடையாது. நல்ல இன்ஜின் உள்ள வண்டிகூட அன்றோடு மாநில எல்லைக்குள் வந்துவிடும். அப்புறம் அதன் வேலை இறங்குமுகம்தான். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போன லாரி உள்ளூர் சிமெண்ட் லோடு, செங்கல் சூளை, கல்குவாரி, தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொரு படியாக இறங்கும்.

எஃப்.சி. கணக்கு இது. வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்குமேல் வருடம் ஒரு முறை. கட்டணமும் வயதோடு ஏறுகிறது. 2025 நவம்பரில் வந்த திருத்தத்தில் இருபது வருடம் தாண்டிய கனரக வண்டிக்குக் கட்டணம் 25,000 ரூபாய். இது வெறும் கட்டணம். எஃப்.சி.க்கு வண்டியைத் தயார் செய்யும் பெயின்ட், பிளாட்பாரம், டயர், பிரேக் வேலையெல்லாம் தனி.

ஒரு நோட்டில் கடைசி மூன்று வருடச் செலவை எழுதிப் பாருங்கள். இன்ஜின் வேலை, எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி, டயர், வண்டி ஷெட்டில் நின்ற நாட்கள். வருமானத்தில் இதைக் கழித்தபின் டிரைவர் சம்பளத்துக்கே இழுபறி என்றால் அந்த வண்டி முடிந்துவிட்டது. எங்கள் லேலண்டுக்கு இந்தக் கணக்கை நாங்கள் நான்கு வருடம் தாமதமாகப் போட்டோம். அப்பா முதன்முதலாகக் கடன் இல்லாமல் வாங்கிய வண்டி என்பதால் யாரும் பேச்சை எடுக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஓடாமல் நிற்கிற வண்டி செலவு வைக்காது என்று நினைக்கக் கூடாது. வண்டி ஓடவில்லை என்று முன்கூட்டியே ஆர்டிஓ அலுவலகத்தில் எழுதிக் கொடுக்காவிட்டால் காலாண்டு வரி ஏறிக்கொண்டே இருக்கும். வருமான வரியில் டன் கணக்கு முறையில் கணக்குக் காட்டுகிறவர்களுக்கு இன்னும் சிக்கல். 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு மொத்த எடையில் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று அந்த முறை எடுத்துக்கொள்ளும். வண்டி 'சொந்தமாக இருந்த' மாதங்கள் என்பதுதான் சட்டத்தின் சொல். 16.2 டன் லாரி ஒன்று வேப்பமரத்தடியில் துருப்பிடித்து நின்றாலும் உங்கள் பெயரில் இருக்கும்வரை மாதம் 16,200, வருடத்துக்கு 1,94,400 ரூபாய் வருமானம் என்று கணக்கில் நிற்கும். இதற்காகவே பழைய வண்டியைச் சீக்கிரம் முடித்துவைக்கலாம்.

இரண்டாம் படி: ஓட்டத்துக்கு விற்பதா, உடைக்கக் கொடுப்பதா

இந்த இடத்தில் மனதை ஒரு பக்கம் நிறுத்துங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பதால்தான் எங்களுக்கு வந்ததுபோல் சம்மன் வருகிறது.

ஓட்டத்துக்கு விற்றால் பெயர் மாற்றம் முடியும்வரை விற்பனை முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 29, 30 ஆகிய படிவங்களை முழுதாக நிரப்பிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் படிவத்தில் போடவே கூடாது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அது வாங்குகிறவர் வேலை என்று விட்டுவிட முடியாது. பணத்தில் ஒரு பகுதியைப் பெயர் மாறிய பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்வதைவிட, பெயர் மாறிய பிறகே சாவியைக் கொடுக்கிறேன் என்று சொல்வது நல்லது. கொஞ்சம் கசப்பாக இருக்கும், பரவாயில்லை.

உடைக்கக் கொடுப்பது என்று முடிவு செய்தால், அந்த வண்டி மறுபடி ரோட்டுக்கு வரவே முடியாதபடி கொடுக்க வேண்டும். இனி வருவதெல்லாம் அதைப் பற்றித்தான்.

மூன்றாம் படி: காகிதங்களைச் சுத்தம் செய்யுங்கள்

ஒரு வாரம் ஒதுக்குங்கள். பைனான்ஸ் முடிந்திருந்தும் ஆர்.சி.யில் பைனான்ஸ் கம்பெனி பெயர் அப்படியே இருப்பது நம் பக்கம் சர்வ சாதாரணம். கம்பெனியிடம் தடையில்லாச் சான்றும் 35ஆம் எண் படிவமும் வாங்கி அந்தப் பெயரை எடுக்க வேண்டும். பழைய பைனான்ஸ் மூடப்பட்டு வேறொன்றோடு சேர்ந்திருந்தால் அலைய வேண்டிவரும். அதனால் முதலில் இந்த வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்து, நிலுவை வரி, பசுமை வரி, ஈ-சலான். வண்டி எண்ணைப் போட்டால் பரிவாகன் என்ற அரசுத் தளத்தில் எல்லாம் தெரிந்துவிடும். டிரைவர் சொல்லாமல் விட்ட சலான்கள் வெளிமாநிலத்தில் நிறைய இருக்கலாம். பெர்மிட்டைச் சரண்டர் செய்யுங்கள். பாஸ்டேக் கணக்கை மூடி மீதிப் பணத்தைத் திரும்ப வாங்குங்கள். அந்த ஸ்டிக்கரைக் கண்ணாடியிலிருந்து நீங்களே சுரண்டி எடுத்துவிடுங்கள். ஜிபிஎஸ் கருவி இருந்தால் அதன் சிம்மையும் நிறுத்துங்கள்.

இன்சூரன்ஸை மட்டும் அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். வண்டி ஷெட்டிலிருந்து உடைக்கும் இடத்துக்குப் போகிற அந்தக் கடைசி ஓட்டத்துக்கும் இன்சூரன்ஸ் வேண்டும். இன்சூரன்ஸ் ஏற்கெனவே முடிந்திருந்தால் இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.

வண்டி உரிமையாளர் இறந்துவிட்டிருந்தால் வாரிசுச் சான்றிதழோடு 31ஆம் எண் படிவத்தில் முதலில் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். பல வீடுகளில் தாத்தா பெயரில் ஒரு டாட்டா 1210 தோட்டத்து மூலையில் நின்றுகொண்டிருக்கும். இரும்புக்காரர் வந்து கேட்டால் அப்படியே தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். அந்தச் சேஸ் (அடிச்சட்டம்) எண்ணை யாராவது திருட்டு வண்டி ஒன்றில் குத்திவிட்டால் போலீஸ் முதலில் தாத்தா வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

நான்காம் படி: எங்கே கொடுப்பது

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, நமக்குப் பழக்கமான காயலான் கடை. சென்னை என்றால் புதுப்பேட்டை. எழும்பூருக்குப் பக்கத்தில், கூவத்தை ஒட்டி, சந்து சந்தாகப் பழைய பாகங்களை அடுக்கி வைத்திருப்பார்கள். கோவை என்றால் உக்கடம். வண்டியைப் பார்த்தவுடன் அதிலிருந்து எந்தெந்தப் பாகம் ஓடும், எது எடைக்குத்தான் போகும் என்று அந்தக் கடைக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். பல தலைமுறையாகக் கைக்கு வந்த அறிவு அது, நான் மதிக்கிறேன். வண்டியில் நல்ல கியர்பாக்ஸ், கிரவுன் பினியன், பம்பு இருந்தால் அவர்கள் கொடுக்கும் விலை எடை விலையைவிட அதிகமாகவே இருக்கும்.

இன்னொன்று, அரசிடம் பதிவு பெற்ற வாகன உடைப்பு மையம். 2021 ஆகஸ்டில் பிரதமர் அறிவித்த உடைப்புக் கொள்கையின்படி அதே வருடம் செப்டம்பரில் விதிகள் வந்தன. அந்த விதிப்படிப் பதிவு பெற்ற மையம் உங்கள் வண்டியை வாங்கும்போது வாகன் என்ற அரசு வண்டிப் பதிவேட்டிலும் திருட்டு வண்டிப் பட்டியலிலும் சரிபார்க்கும். வண்டி ஒப்படைப்புச் சான்றிதழ் தரும். உடைத்து முடித்ததும் உடைப்புச் சான்றிதழும் தரும். இந்த இரண்டாவது காகிதம்தான் உங்களைக் காப்பாற்றும்.

என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். கையில் வரும் பணம் கொஞ்சம் குறைந்தாலும் பதிவு பெற்ற மையத்துக்குக் கொடுங்கள். எங்கள் வீட்டில் வக்கீலுக்கும் பஸ்ஸுக்கும் போன பணம், புரோக்கர் கூடுதலாகக் கொடுத்ததைப் போல் பல மடங்கு. அப்பா ஒவ்வொரு வாய்தாவுக்கும் விடியற்காலையில் எழுந்து கிளம்பியதை நான் பார்த்தவன்.

ஒப்படைப்புச் சான்றிதழுக்கு விலையும் உண்டு. அதைக் காட்டிப் புதிய வண்டி வாங்கினால் பதிவுக் கட்டணம் கிடையாது. சரக்கு வண்டிக்குச் சாலை வரியில் 15 சதவீதம் வரை சலுகை தரலாம் என்று மத்திய அரசு விதி 2022 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. வரி மாநில அரசு கையில் இருப்பதால், புது வண்டி பதியும் ஆர்டிஓ அலுவலகத்தில் நடப்பு ஆணையைக் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டிக் கம்பெனிகளும் சான்றிதழைக் காட்டினால் தள்ளுபடி தருவதாக 2024இல் ஒப்புக்கொண்டன. அது இன்னும் இருக்கிறதா என்று ஷோரூமில் தனியாகக் கேளுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். நீங்கள் புது வண்டி வாங்கப் போவதில்லை என்றால் சான்றிதழை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கவும் வழி இருக்கிறது.

2025 ஏப்ரல் 1 முதல் இன்னொரு விதியும் வந்திருக்கிறது, ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான சுற்றுச்சூழல் விதி. வண்டியின் ஆயுள் முடிந்ததாக ஆன நாளிலிருந்து 180 நாளுக்குள் பதிவு பெற்ற மையத்திலோ அதற்கென உள்ள சேகரிப்பு மையத்திலோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது அது. ஆயுள் முடிந்தது என்றால் பதிவு காலாவதியானது, சோதனையில் தகுதியில்லை என்று முடிவானது, பதிவு ரத்தானது, அல்லது உரிமையாளரே முடிந்தது என்று சொல்லிவிட்டது. வண்டிக் கம்பெனிகளுக்கும் பொறுப்பு வைத்திருக்கிறார்கள். முன்பு விற்ற வண்டிகளில் உள்ள இரும்பில் முதல் ஐந்து வருடத்துக்கு 8 சதவீதம், அடுத்த ஐந்துக்கு 13, அதன்பின் 18 சதவீதம் அளவுக்கு மீட்கப்பட்டதாகக் கணக்குக் காட்ட வேண்டும். அதனால் பதிவு பெற்ற மையங்களுக்கு நம் பழைய லாரிகள் இனி இன்னும் தேவைப்படும். விலை பேசும்போது இதை நினைவில் வையுங்கள்.

ஐந்தாம் படி: விலை பேசுவது

வெறும் வண்டி எடை எவ்வளவு என்பது ஆர்.சி.யிலேயே இருக்கும். பல வருடத்துக்கு முன்பு எழுதிய எடை அது. பாடி மாற்றியிருப்பீர்கள், சேஸுக்கு அடியில் தகடு வைத்துப் பற்ற வைத்திருப்பீர்கள். அதனால் நீங்களே ஒரு எடை மேடையில் ஏற்றிச் சீட்டு வாங்கிக்கொண்டு போங்கள். சுமார் ஐந்தாறு டன் வண்டியில் இருநூறு கிலோ வித்தியாசம் வந்தாலும் அது உங்கள் பணம்.

குறைந்தது மூன்று இடத்தில் விலை கேளுங்கள். இரும்பு விலை வாரத்துக்கு வாரம் மாறும், ஒரே வாரத்தில் கேட்டால்தான் ஒப்பிட முடியும். கேட்கும்போதே சில விஷயங்களைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். டயர் சேர்த்தா, தனியா? பேட்டரி? பாடியின் மரத்துக்கு எடை கழிப்பார்களா? இழுவைச் செலவு யாருடையது? டயரையும் பேட்டரியையும் நீங்களே எடுத்துக்கொண்டால் விலை எவ்வளவு குறையும்? நல்ல ஸ்டெப்னியும் புது பேட்டரியும் உங்கள் இன்னொரு வண்டிக்கு உதவும் என்றால் எடுத்துக்கொள்வதே லாபம். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் முன்கூட்டியே கழற்றிவிட்டு வெறும் கூட்டைக் கொண்டுபோனால் சில மையங்கள் எடுக்க மறுக்கும், முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பணம் வங்கி வழியாக, ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் கணக்குக்கே வரட்டும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் பில் போடும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: ஒப்படைக்கும் நாள்

வண்டியை நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள், எண் தெரியும்படி. கிலோமீட்டர் மீட்டரையும் எடுங்கள். அப்புறம் ஒரு சின்ன வேலை. எஃப்.சி. சமயத்தில் செய்வதுதான். சேஸில் எண் குத்திய இடத்தைக் கெரசின் துணியால் துடைத்து, வெள்ளைத் தாளை ஒட்டிவைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேய்த்தால் எண்ணும் எழுத்தும் தாளில் வெள்ளையாக எழும்பி வரும். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் தேதி போட்டு மையத்துக்காரரிடம் கையெழுத்து வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

சாமி படம், டிரைவர் வைத்திருக்கும் துணி, சீட்டுக்கு அடியில் உள்ள பில்கள், டேஷ்போர்டில் மறந்த ஆதார் நகல் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். நம்பர் பிளேட்டை யார் எடுக்கிறார்கள், அதை என்ன செய்கிறார்கள் என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். ஒப்படைப்புச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு கிளம்புங்கள். "நாளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புறோம்" என்றால் நாளைக்கே வண்டியைக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

ஏழாம் படி: உள்ளே என்ன நடக்கிறது

இந்த வேலையை நீங்கள் செய்யப் போவதில்லை. ஆனாலும் தெரிந்துவைத்துக்கொண்டால் ஒரு மையம் ஒழுங்காக வேலை செய்கிறதா இல்லையா என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் உள்ள அரசு வாகன ஆராய்ச்சி மையத்தில் 2011 வாக்கிலேயே வண்டியை முறையாக உடைத்துக் காட்டும் மாதிரிக் கூடம் அமைத்தார்கள். கேஸ் கட்டிங்கை (இரும்பு வெட்டும் தீக்குழாயை) எடுக்கும் முன் வண்டியில் உள்ள எண்ணெய்களை வடிக்க வேண்டும் என்பதுதான் அதில் உள்ள அடிப்படை.

முதலில் பேட்டரி. லாரியில் இரண்டு இருக்கும், எடையில் பாதிக்கு மேல் ஈயம். அது பேட்டரிக்காரரிடம் திரும்பப் போக வேண்டும், உடைத்து அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. அடுத்து இன்ஜின் ஆயில், கியர் ஆயில், ஹவுசிங் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில், கூலன்ட், டீசல். ஒவ்வொன்றும் தனித்தனிப் பேரலில். ஒரு லாரியிலிருந்து நிறையக் கருப்பு ஆயில் வரும். மண் தரையில் அதை வடித்தால் அந்தத் தோட்டத்துக் கிணறு போச்சு. அதனால் தரை சிமெண்டாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏசி கேபின் வண்டி என்றால் கேஸையும் கருவி வைத்து உறிஞ்ச வேண்டும்.

அடுத்தது உயிர் போகிற விஷயம். டீசல் டேங்க் காலியாக இருக்கிறது என்று நினைத்துக் கட்டிங்கைப் பிடித்தால், உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. தண்ணீர் நிரப்பித்தான் தொட வேண்டும். பார்க்கிங் பிரேக் சேம்பருக்குள் இருக்கும் ஸ்பிரிங் காற்று இல்லாவிட்டாலும் பெரும் விசையோடு அழுந்தித்தான் இருக்கும், அதை வெட்டித் திறந்தால் பறந்து வந்து ஆளை அடிக்கும். லாக் ரிங் வைத்த பழைய டிஸ்க்குகளில் (டயர் மாட்டும் சக்கரங்களில்) வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்காமல் போல்ட்டில் கை வைக்கக் கூடாது. பழைய பிரேக் லைனிங், கிளட்ச் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஊதித் துடைக்கவே கூடாது. கை உறை, கண்ணாடி, ஷூ இல்லாமல் பையன்கள் வெறுங்காலில் வெட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்கு உங்கள் வண்டியைக் கொடுக்காதீர்கள். கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

வடித்து முடித்த பிறகு கேபின், பாடி, இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில் என்று கழற்றி, கடைசியில் வெறும் சேஸ் மிஞ்சும். சேஸ் எண் உள்ள துண்டைத் தனியாக வெட்டி எடுத்துச் சாட்சியாக வைத்துவிட்டு மற்றதை ஆள் உயரத் துண்டுகளாக வெட்டுவார்கள். எத்தனையோ லட்சம் கிலோமீட்டர் லோடு தாங்கிய இரும்பு அரை நாளில் அடுக்கு அடுக்காகக் கிடக்கும்.

பாகங்கள் எங்கெல்லாம் போகின்றன

எனக்கு இந்த வழிகாட்டியில் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஓடக்கூடிய செல்ப் மோட்டார், டைனமோ, ரேடியேட்டர், ஸ்டீயரிங் பாக்ஸ், டர்போ எல்லாம் பழைய பாகச் சந்தைக்குப் போகும். பின் ஆக்சிலும் டிஸ்க்கும் டிராக்டர் டிரெய்லராகும். கரும்பு ஏற்றிப்போகும் டிரெய்லர்களுக்கு அடியில் குனிந்து பாருங்கள், பாதிக்கு மேல் ஏதாவது ஒரு லாரியின் ஆக்சிலாகத்தான் இருக்கும். இன்ஜின் நன்றாக இருந்தால் ஜெனரேட்டர் ஓட்டும். பாடியின் பலகை மாட்டுக் கொட்டகைக் கதவாகும். அலுமினியமும் வயரிங்கின் செம்பும் தனித்தனியாக உருக்கப் போகும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகள் கண்டம் ஆகும் காலத்தில் சைலன்சர் பக்கத்துக்குத்தான் போட்டி இருக்கும், உள்ளே பிளாட்டினம் வகை உலோகங்கள் இருக்கின்றன.

டயருக்குப் பல பிறவி. கேசிங் (டயரின் கூடு) நன்றாக இருந்தால் ரீட்ரேட் ஆகி, அதாவது மேல் ரப்பரைப் புதிதாக ஒட்டி, இன்னொரு லாரியில் ஓடும். அதுவும் முடிந்தால் மாட்டு வண்டிக்கும், காசிமேட்டுப் படகுகளின் பக்கவாட்டில் இடி தாங்கவும் போகும். மிச்சம் பொடியாகும், அல்லது ஆலையில் சூடுபடுத்தி எண்ணெய் எடுப்பார்கள். திறந்தவெளியில் எரித்துக் கம்பி எடுப்பது மட்டும் கூடவே கூடாது, சட்டப்படி குற்றம்.

லாரியின் எடையைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைதான் என் மனதில் நிற்பது. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போனது. அங்கே பட்டறைகளில் லாரிப் பட்டையைத்தான் தேடி வாங்குவார்கள். சாதாரண இரும்புக் கம்பியைவிட அதில் கரியும் மற்ற கலப்பும் கூடுதல். வளைந்தாலும் பழைய நிலைக்கே வரும்படி செய்த உருக்கு. கரி உலையில் பட்டை செம்மஞ்சள் நிறம் ஏறும்வரை காத்திருந்து எடுப்பார்கள். ஒருவர் குறடால் பிடிக்க, இன்னொருவர் சம்மட்டியால் மாறி மாறி அடிக்க, வளைவு நிமிர்ந்து அரிவாளின் மூக்கு எழும்பும். கடைசியில் வாய்ப் பக்கத்தை மட்டும் தண்ணீரில் நனைத்துத் துவைச்சல் போடுவார்கள். அப்போது விளிம்பில் ஓடும் நிறத்தைப் பார்த்துத்தான் பதம் சொல்வார்கள். அங்கே அடித்த ஓர் அரிவாள் எங்கள் தோட்டத்திலும் இருக்கிறது, தென்னை மட்டை வெட்ட.

மற்ற கனத்த இரும்பு கும்மிடிப்பூண்டி போன்ற இடங்களில் உள்ள உருக்காலைகளுக்கு லாரியில் போகும், ஆமாம், இன்னொரு லாரியில். அங்கே மின் உலையில் உருகி, வார்ப்புக் கட்டியாகி, ரோலிங் மில்லில் கம்பியாக வரும்.

எட்டாம் படி: காகிதத்தில் உடைப்பது

வண்டி அழிந்துவிட்டாலோ நிரந்தரமாகப் பயன்படாமல் போனாலோ 14 நாளுக்குள் உரிமையாளர் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆவது பிரிவு அது. பதிவு பெற்ற மையம் என்றால் உடைப்புச் சான்றிதழை அவர்களே வாகன் தளத்தில் ஏற்றுவார்கள், அதை வைத்துப் பதிவு ரத்தாகும். காயலான் கடையில் ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் சேஸ் எண் துண்டு, எழுத்துமூலமான வேண்டுகோள், ஆர்.சி., வரிச் சான்று ஆகியவற்றோடு நேரில் போய்க் கேளுங்கள். தாமதமாகிவிட்டது என்று பயந்து போகாமல் இருந்துவிடாதீர்கள்.

"தானா ஆயிடும் தம்பி" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒரு மாதம் கழித்து வாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். இன்னமும் நடப்பில் உள்ளதாகக் காட்டினால் உடைப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஆர்டிஓ அலுவலகத்துக்கு மறுபடி போக வேண்டும். ரத்து என்று வந்த பிறகு இன்சூரன்ஸை முடித்து மீதி பிரீமியம் வருமா என்று கேளுங்கள். ஆடிட்டரிடம் வண்டியை எந்த மாதம் கொடுத்தீர்கள் என்பதையும் வந்த தொகையையும் எழுதிக் கொடுங்கள். தேய்மானம் கழித்துக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தொகை சொத்துக் கணக்கில் கழியும்.

எல்லாவற்றையும் ஒரே பைலில் போட்டுவையுங்கள். ஆர்.சி. நகல், பைனான்ஸ் தடையில்லாச் சான்று, எடைச் சீட்டு, போட்டோ, ஒப்படைப்புச் சான்றிதழ், உடைப்புச் சான்றிதழ், வங்கி வரவு, பதிவு ரத்தான பக்கத்தின் அச்சு, பென்சிலில் தேய்த்தெடுத்த சேஸ் எண். எங்கள் அடுத்த வண்டியை அப்பா இப்படித்தான் முடித்தார். அந்தப் பைல் இப்போதும் பீரோவில் வீட்டுப் பத்திரத்துக்கு மேல் இருக்கிறது.